உஸ்மானியா பல்கலைக் கழகத்தின் கலைக் கல்லூரி

ஹைதராபாத்துக்கும் செகந்தராபாத்துக்கும் இடையே, அடிக்மெட் என்னும் மேட்டு நிலத்தில், இளஞ்சிவப்புக் கருங்கல்லால் எழுப்பப்பெற்ற பெரியதொரு கட்டிடம் நிற்கின்றது. தெற்கேயிருந்து வரும் உறவினரைச் சார்மினாருக்கும் சாலார்ஜங் காட்சிச்சாலைக்கும் அழைத்துச் செல்லும் நம்மவர்கள், நேரம் மிஞ்சினால் இதையும் காட்டுவதுண்டு. பார்ப்பவர் பலரும் இதை ஓர் அரண்மனை என்றே எண்ணுவர். உண்மையில் இது பாடசாலை. உஸ்மானியா பல்கலைக் கழகத்தின் கலை, சமூகவியல் கல்லூரி. இக்கட்டிடத்தின் அழகைப் பற்றிப் பேசுவோர் உண்டு. இதனுள் எந்த மொழியில் பாடம் நடந்தது, அம்மொழி ஏன் வந்தது, ஏன் போயிற்று என்பதைப் பேசுவோர் குறைவு. பிற மாநிலங்களில் குடியேறி, பிள்ளைகளை எந்தப் போதனா மொழியில் சேர்ப்பது என்று ஆண்டுதோறும் வீட்டில் விவாதிக்கும் தமிழர்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று.

முதலில் ஒரு பழைய தொடர்பைச் சொல்லிவிட வேண்டும். நிஜாமின் சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே இருந்தது. ஆயினும் அங்கே 1887ஆம் ஆண்டில் தோன்றிய நிஜாம் கல்லூரி, சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய அறுபது ஆண்டுக் காலம் ஹைதராபாத் மாணவன் பட்டம் பெறுவதற்குச் சேப்பாக்கத்தின் தேர்வைத்தான் எழுதினான். அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அகோரநாத் சட்டோபாத்யாயர். அவருடைய மகள் சரோஜினி, பன்னிரண்டாம் வயதில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதலிடம் பெற்றார் என்பது யாவரும் அறிந்ததே. ஆக, ஹைதராபாத்தின் உயர்கல்வி அன்று இருவகையாகப் பிரிந்து கிடந்தது. ஒருபுறம் அரபியும் பாரசீகமும் பயிற்றிய பழைய தாருல் உலூம். மறுபுறம் ஆங்கிலம் பயிற்றிச் சென்னையின் வினாத்தாளுக்கு ஆள் தயார் செய்த நிஜாம் கல்லூரி. முன்னதில் படித்தவனுக்கு நவீன உலகம் தெரியவில்லை. பின்னதில் படித்தவனுக்குத் தன் ஊர்க்காரனோடு தான் கற்றதைப் பேசும் வாய்ப்பு இல்லை.

இந்த இரண்டையும் ஒன்றாக்க முனைந்தவர் அக்பர் ஹைதரி. பம்பாயிலிருந்து வந்து நிஜாமின் அரசாங்கத்தில் செயலாளராகப் பணியாற்றி, பிற்காலத்தில் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகவும் உயர்ந்தவர் அவர். 1917ஆம் ஆண்டில் அவர் ஏழாம் நிஜாமான மீர் உஸ்மான் அலி கானுக்கு ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்தார். அந்நிய மொழியில் கற்பதனால் மாணவனின் ஆற்றல் முழுவதும் மனப்பாடத்திலேயே செலவாகின்றது, சிந்தனை வளர்வதில்லை, கற்றவருக்கும் மக்களுக்கும் இடையே சுவர் எழுகின்றது. இவ்வாறு வாதித்த அவர், உருதுவைப் போதனா மொழியாகவும், ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாகவும் கொண்ட பல்கலைக் கழகம் ஒன்று வேண்டும் என்றார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் நிஜாம் இசைவு அளித்தார். 1918ஆம் ஆண்டில் முறையான அரசாணை பிறந்தது. 1919 ஆகஸ்டு 28ஆம் நாள், கன்பவுண்டரிப் பகுதியில், நிஜாம் கல்லூரியை அடுத்த ஒரு கட்டிடத்தில் 225 மாணவர்களோடும் 25 ஆசிரியர்களோடும் வகுப்புகள் தொடங்கின. தொடக்கத்தில் இருந்தவை கலைத் துறையும் சமயத் துறையுமே. இந்திய மொழி ஒன்றைப் போதனா மொழியாகக் கொண்டு இந்நாட்டில் எழுந்த முதல் நவீனப் பல்கலைக் கழகம் இதுவே.

மேலே சொன்ன தேதிகளுக்கு இடையே ஒரு தேதியை நான் வேண்டுமென்றே விட்டு வைத்தேன். பல்கலைக் கழகத்தில் முதல் வகுப்பு நடப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பாகவே, 1917 ஆகஸ்டில், ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் நிறுவப்பட்டது. தாருல் தர்ஜுமா என்பது அதன் பெயர். தர்ஜுமா என்ற சொல் நம்முடைய பழைய கச்சேரிக் காகிதங்களிலும் பயின்று வந்ததே. மாணவர் வருமுன் ஆசிரியர் வேண்டும் என்பதை எல்லா அரசுகளும் உணரும். ஆசிரியருக்கு முன் நூல் வேண்டும், நூலுக்கு முன் சொல் வேண்டும் என்பதை உணர்ந்த அரசுகள் அரிது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு, உஸ்மானியாவின் வரலாற்றில் இந்த ஒரு வரிசை முறையே பெரிதும் போற்றத்தக்கதாகத் தோன்றுகின்றது. நம் காலத்தில் பெரும்பாலும் ஆணை முதலில் வருகின்றது. நூல் பின்னே நொண்டி வருகின்றது. சொல்லைப் பற்றிக் கடைசியில்தான் குழு அமைக்கின்றனர்.

அந்நிலையத்தின் முதல் தலைவர் மௌல்வி அப்துல் ஹக். உருது உலகம் பின்னாளில் ‘பாபாயே உருது’, அதாவது உருதுவின் தந்தை என்று அழைத்தது இவரைத்தான். வடநாட்டின் பல பாகங்களிலிருந்தும் எழுத்தாளர்கள் ஹைதராபாத்துக்கு வரவழைக்கப்பட்டனர். ‘உம்ராவ் ஜான் அதா’ என்னும் புகழ் பெற்ற நாவலை எழுதிய மிர்ஸா ஹாதி ருஸ்வா இங்கே பணியாற்றினார். 1931ஆம் ஆண்டில் இந்நகரிலேயே காலமானார். ஆங்கிலக் கவிஞர் கிரேயின் இரங்கற்பாவை உருதுவில் பாடிய நஜ்ம் தபாதபாயீ இருந்தார். தத்துவம் கற்ற அப்துல் மாஜித் தரியாபாதி சிறிது காலம் இருந்தார். புரட்சிக் கவிஞரான ஜோஷ் மலீஹாபாதி ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருந்து, நிஜாமின் சினத்துக்கு ஆளாகி 1934ஆம் ஆண்டில் ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளன் கவிதையும் எழுதினால் விளையக்கூடிய தொல்லைக்கு இது ஒரு சான்று! வரலாறு, தத்துவம், பொருளாதாரம், அரசியல், சட்டம், கணிதம், பௌதிகம், மருத்துவம் என்று பல துறைகளிலும் சில நூறு நூல்கள் அந்நிலையத்திலிருந்து வெளிவந்தன. ஆங்கிலத்திலிருந்து மட்டுமின்றி அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வரலாற்று நூல்கள் உருதுவாக்கப்பட்டன.

சொற்களை ஆக்கிய முறை நின்று நோக்கத்தக்கது. துறை அறிந்தவரும் மொழி அறிந்தவரும் ஒரே குழுவில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் விவாதித்தனர். அங்கே இரண்டு கட்சிகள் எழுந்தன. அறிவியற் சொற்கள் யாவும் அரபி வேர்களிலிருந்து, அரபி இலக்கணப்படியே அமைய வேண்டும் என்றது ஒன்று. உருது என்பது ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது; முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்துத் தொகைச் சொல் ஆக்குவதே அதன் இயல்பு; பாரசீகம், இந்தி என்று பாராமல் எங்கிருந்தும் பொருத்தமான சொல்லை எடுத்து ஒட்டலாம் என்றது மற்றொன்று. இரண்டாம் கட்சியின் தலைவர் பேராசிரியர் வஹீதுத்தீன் ஸலீம். கலைச்சொல்லாக்கத்தின் விதிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1921ஆம் ஆண்டில் வெளிவந்தது. தனித்தமிழ், வடமொழிக் கலப்பு, ஆங்கிலத்தை அப்படியே ஏற்றல் என்று நாம் இன்றும் நடத்திக்கொண்டிருக்கும் வழக்கை, வேறு பெயர்களோடு அவர்கள் அன்றே நடத்திவிட்டனர்.

சமூக இயல்களின் பெயர்களையே பாருங்கள். பொருளாதாரத்துக்கு அதற்கு முன் ‘இக்திஸாத்’ என்றொரு சொல் வழங்கியது. கவிஞர் இக்பால் 1904ஆம் ஆண்டில் எழுதிய பொருளாதார நூல் அப்பெயரையே தாங்கியது. உருதுவில் பின்னர் வேரூன்றிய பெயர் ‘மஆஷியாத்’. மஆஷ் என்றால் பிழைப்பு, வாழ்க்கைத் தொழில். அரசியல் நூலுக்கு ‘ஸியாஸியாத்’. உளவியலுக்கு ‘நஃப்ஸியாத்’, நஃப்ஸ் என்பது உயிர், தன்மை என்னும் பொருள் தருவது. சமூகவியலுக்கு ‘உம்ரானியாத்’, மனிதர் கூடிக் குடியிருந்து நாகரிகம் வளர்ப்பதை ‘உம்ரான்’ என்று 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் குறித்தாரே, அச்சொல்லின் வழி வந்தது. நான்கும் ஒரே விகுதியில் முடிவதைக் காண்க. தமிழில் அரசியல், உளவியல், சமூகவியல், பொருளியல் என்று ‘இயல்’ செய்யும் வேலையை அங்கே ‘இயாத்’ செய்கின்றது. ஓசையிலும் இரண்டும் நெருங்கி நிற்பது தற்செயலே. ஆயினும், புதிய அறிவுத் துறைகளுக்கு ஒரே அச்சில் பெயர் வார்த்தால் மாணவன் எளிதில் பற்றிக்கொள்வான் என்ற எண்ணம் இரு மொழியினருக்கும் ஒரு வகையாகவே உதித்திருக்கின்றது.

தமிழர் இம்முயற்சியில் பின்தங்கியவர் அல்லர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஸாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியம் பயிற்றினார். உஸ்மானியாவின் மொழிபெயர்ப்பு நிலையம் தோன்றுவதற்கு ஓராண்டு முன், 1916ஆம் ஆண்டில், சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938ஆம் ஆண்டில் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. ஆயினும் இவையாவும் ஆர்வலர் சிலரின் உழைப்பு. பின்னே கஜானாவும் இல்லை. முன்னே வகுப்பறையும் இல்லை. சேலத்துச் சங்கம் ஆக்கிய சொல்லைக் கற்று எந்த மாணவனும் தேர்வு எழுத வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் தமிழைப் போதனா மொழியாக்கும் சோதனை கோயம்புத்தூர் அரசினர் கல்லூரியில் தொடங்கியபோது ஆண்டு 1960 ஆகிவிட்டது.

இதுவரை கூறியதைக் கேட்டு, உஸ்மானியாவைத் தாய்மொழிக் கல்வியின் வெற்றி என்று கொண்டாடத் தோன்றும். அங்கேதான் ஒரு கேள்வி குறுக்கே நிற்கின்றது. யாருடைய தாய்மொழி? நிஜாமின் சமஸ்தானத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் தெலுங்கர், காற்பங்கினர் மராத்தியர், கன்னடரும் கணிசமாக இருந்தனர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரே. உருது அரசாங்க மொழி; நகரத்தின் பொது மொழி. வாரங்கல்லிலிருந்தோ ஔரங்காபாத்திலிருந்தோ குல்பர்காவிலிருந்தோ வந்த சிறுவனுக்கு அதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய மற்றொரு மொழிதான். அந்நிய மொழியால் சிந்தனை குன்றுகின்றது என்று ஹைதரி ஆங்கிலத்தின்மீது சாட்டிய குற்றத்தை, அச்சிறுவன் உருதுவின்மீதும் சாட்டியிருக்கலாம். இருந்தும் அவர்களிற் பலர் உருதுவைக் கற்றுத் தேறி, அதிலேயே எழுத்தாளராகவும் விளங்கினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்த மனக்குறை 1938ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. விடுதிகளில் இந்து மாணவர் வழிபாட்டு வேளையில் வந்தே மாதரம் பாடுவதைப் பல்கலைக் கழகம் தடை செய்தது. மாணவர் வகுப்புகளைப் புறக்கணித்தனர், பெருந்தொகையினர் நீக்கப்பட்டனர். அவர்களை ஏற்க அண்டைப் பல்கலைக் கழகங்கள் தயங்கியபோது, நாகபுரிப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் கேதார் கதவைத் திறந்து விட்டார். அவ்வாறு நாகபுரி சென்று படிப்பை முடித்த மாணவருள் ஒருவர் பி. வி. நரசிம்ம ராவ். அவரைப் பற்றி மீண்டும் பேச வேண்டி வரும்.

கிளர்ச்சி நடந்த அந்நாட்களில்தான் அடிக்மெட்டில் கட்டிடமும் உயர்ந்துகொண்டிருந்தது. இந்த இடத்துக்கு ஒரு முன்கதை உண்டு. உருதுவில் கவிதைத் தொகுதி வெளியிட்ட முதற் பெண்டிருள் ஒருவராகிய மாஹ் லகா பாய் சந்தா என்ற ஹைதராபாத் நடனக் கலைஞருக்கு முற்காலத்தில் ஜாகீராக இருந்த நிலம் இது. நகரமைப்புக் கலையில் உலகப் புகழ் பெற்றவரும், பம்பாயில் சமூகவியற் பேராசிரியராக இருந்தவருமான பாட்ரிக் கெட்டிஸின் ஆலோசனை பல்கலைக் கழகத் திட்டத்துக்குப் பெறப்பட்டது. பின்னர் ஸையத் அலி ராஸா, ஜைனுத்தீன் ஹுஸைன் கான் என்னும் இருவர், பல்கலைக் கழகக் கட்டிடங்களைப் பார்த்துவரப் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். எகிப்து நாட்டுக் கெய்ரோவுக்கு அருகே ஹீலியோபோலிஸ் நகரில் பணி செய்து பெயர் பெற்றிருந்த பெல்ஜியச் சிற்பி எர்னெஸ்ட் ஜாஸ்பர் வரைபடம் தீட்டினார். 1934 ஜூலை 5ஆம் நாள் நிஜாம் அடிக்கல் நாட்டினார். 1939 டிசம்பர் 4ஆம் நாள் கட்டிடம் திறக்கப்பட்டது. முகப்பின் உயர்ந்த வளைவு இஸ்லாமிய மரபு. உள்ளே உள்ள தூண்கள் அஜந்தா, எல்லோராக் குகைகளை நினைவூட்டுவன. ஒரே நேரத்தில் மாணவரின் பாட்டுக்குத் தடையும், கட்டிடத்தின் கல்லில் சமரசமும்! அரசுகளுக்குக் கல் எளிது போலும்.

கலைத் துறையின் புலமையைப் பற்றிச் சிறிது கூறாவிடில் இவ்வரலாறு மொழிச் சண்டையாகவே முடிந்துவிடும். வரலாறும் அரசியலும் பயிற்றிய ஹாரூன் கான் ஷெர்வானி, தக்காணத்துப் பாமினி அரசர்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் எடுத்தாளப்படுவது. பொருளாதாரத்துறையில் எஸ். கேசவ ஐயங்கார் சமஸ்தானத்துக் கிராமங்களின் நிலையை 1929-30ஆம் ஆண்டுகளிலும் மீண்டும் 1949-51ஆம் ஆண்டுகளிலும் ஆராய்ந்து விரிவான அறிக்கைகள் வெளியிட்டார். இடையே உலகப் பொருளாதார மந்தமும், யுத்தமும், தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டமும் வந்து போயின. அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நாட்டுப்புறம் எப்படி இருந்தது என்று ஒருவரே அளந்து வைத்தது பெரும் பேறு.

ஆஸ்திரியாவில் பிறந்த மானிடவியலறிஞர் ஃபியூரர் ஹைமன்டார்ஃப், ஆதிலாபாத் கோண்டு மக்களிடையே ஆய்வு செய்து, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கோண்டி மொழியிலேயே எழுத்தறிவிக்க வழி செய்தார். 1940களின் பிற்பாதியில் அவர் உஸ்மானியாவிலும் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த எஸ். சி. துபே, நகருக்கு அருகிலுள்ள ஷாமீர்ப்பேட்டை என்ற சிற்றூருக்கு 1951-52ஆம் ஆண்டுகளில் ஒரு குழுவை அழைத்துச் சென்றார். விவசாயம், மருத்துவம், கால்நடை வைத்தியம் முதலிய பிற துறை மாணவரும் அக்குழுவில் இருந்தனர். ஊராருக்கு உதவிக்கொண்டே ஊரை ஆராய்வது அவர்கள் நோக்கம். அந்த ஆய்வின் பயனாக 1955ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இந்தியக் கிராமம்’ என்ற பொருள்படும் ஆங்கில நூல், சுதந்திர இந்தியாவின் சமூகவியலுக்கே ஒரு தொடக்க நூலாயிற்று.

அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். 1948 செப்டம்பரில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்த பின், உஸ்மானியாவின் போதனா மொழி ஆங்கிலமாக மாற்றப்பட்டது. முப்பது ஆண்டுகளாக உருதுவில் விரிவுரை ஆற்றியவர்கள் குறுகிய காலத்தில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியதாயிற்று. உருதுவில் பொருளாதாரமும் மருத்துவமும் கற்கத் தொடங்கிய மாணவர்கள் நடுவழியில் மொழி மாறினர். தாருல் தர்ஜுமாவின் நூல்கள் பாடமேசையிலிருந்து அலமாரிக்குப் போயின. இந்தப் பல்கலைக் கழகத்தை மத்திய அரசே ஏற்று இந்தி வழிப் பல்கலைக் கழகமாக்கலாம் என்ற யோசனையும் 1950களின் தொடக்கத்தில் எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்கான மத்திய ஆங்கில நிறுவனம் 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது, அது அமைந்ததும் இதே ஹைதராபாத்தில்தான்.

மாற்றத்தில் நியாயம் இல்லாமலில்லை. தெலுங்கு மாணவனுக்கும் மராத்தி மாணவனுக்கும் உருதுவைக் காட்டிலும் ஆங்கிலம் நடுநிலையானது, வேலைக்கும் உதவுவது. ஆயினும் உருதுவுக்கு இடப்பட்ட தலைமை அகன்றபோது, அந்த இடம் தெலுங்குக்கு வரவில்லை. இந்திய மொழியால் உயர்கல்வி தர இயலும் என்று மெய்ப்பித்த ஒரே பெரிய ஆய்வுக்கூடமும் மூடப்பட்டது. ஆளும் வகுப்பின் மொழியாக இருந்த குற்றத்துக்கு, அறிவின் மொழியாக ஆகிவிட்ட நற்பேற்றையும் அது இழந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை என்பது என் கருத்து.

பி. வி. நரசிம்ம ராவுக்குத் திரும்புவோம். உஸ்மானியாவை விட்டு விலக நேர்ந்த அம்மாணவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஆந்திரப் பிரதேசத்தின் கல்வி அமைச்சராக இருந்தார். 1968ஆம் ஆண்டில் தெலுங்கு அகாடமி நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் அவரே. கல்லூரிப் பாடங்களுக்குத் தெலுங்கில் நூலும் கலைச்சொல்லும் ஆக்கித் தருவது அதன் பணி. உருதுவுக்காக ஹைதரி செய்ததைத் தெலுங்குக்காகச் செய்ய முனைந்தார், உருதுவும் நன்கு கற்றிருந்த அந்தப் பன்மொழிப் புலவர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் பல்கலைக் கழக நூல்களை அந்தந்த மொழியில் ஆக்க ஒரு கோடி ரூபாய் என்று மத்திய அரசு திட்டம் வகுத்ததும் அக்காலத்தில்தான். தமிழிலும் அதன் பயனாகப் பல கல்லூரி நூல்கள் வந்தன.

கலைக் கல்லூரியின் முற்றம் அதன் பிறகும் அமைதி காணவில்லை. 1969ஆம் ஆண்டில் தனித் தெலங்கானா கேட்டெழுந்த கிளர்ச்சியிலும், 2009ஆம் ஆண்டில் மீண்டும் மூண்ட கிளர்ச்சியிலும் மாணவர் கூடிய இடம் அதன் படிக்கட்டுகளே. 2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. 2017 ஏப்ரல் 26ஆம் நாள் பல்கலைக் கழகத்தின் நூற்றாண்டு விழாவைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். உருது வழி உயர்கல்விக்காக மௌலானா ஆஸாத் தேசிய உருதுப் பல்கலைக் கழகம் 1998ஆம் ஆண்டிலேயே இந்நகரின் மேற்குப் பகுதியில் தோன்றியிருந்தது.

தாருல் தர்ஜுமாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கின்றேன். அதன் நூல்களை இன்று படிப்பவர் மிகச் சிலர். வானொலியில் உருதுச் செய்தியைக் கேட்கும் வழக்கம் உள்ள நேயர்கள், நாட்டின் பொருளாதாரம் பற்றிய செய்தி வரும்போது சற்றுக் காது கொடுத்தால், ‘மஆஷி’ என்ற சொல்லையும் ‘மஆஷியாத்’ என்ற சொல்லையும் கேட்கலாம். டெல்லியிலும் லாகூரிலும் கராச்சியிலும் அச்சாகும் பாடநூல்களிலும் அவையே வழங்குகின்றன.